பெயின்டரோடு போடும் ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்: முதல்முறை ஆள் பேசுபவர்களுக்கு

"ரெண்டு கோட் அடிச்சுத் தர்றேன், பேசினபடி கொடுத்துடுங்க." முதல்முறை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பேசியபோது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் இவ்வளவுதான். வேலை முடிந்த மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் கூடத்துச் சுவரில் பழைய நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஒரு கோட்தானே அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிரைமர் (பெயின்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு) ஒன்று, பெயின்ட் ஒன்று, ஆக ரெண்டு கோட் என்றார். அவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் கணக்கில் அது இரண்டு, என் கணக்கில் ஒன்று, இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னோம், எழுதி வைக்காததால் யார் கணக்கு சரி என்று தீர்க்க வழியில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணம் கொடுக்கிறேன். பெயின்டர்கள் யாரும் இதனால் கோபித்துக்கொண்டதில்லை, நல்ல வேலைக்காரர்களுக்கு இது பிடித்துக்கூட இருக்கிறது, ஏனென்றால் "இதையும் சேர்த்து அடிச்சிடுங்க" என்று கடைசி நாளில் நாம் இழுக்கும் வேலையிலிருந்து அந்தக் காகிதம் அவர்களையும் காப்பாற்றுகிறது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் பெரிய கட்டிடம், பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வீட்டு அளவிலான வேலைக்குக் கீழே சொல்வதை எளிய தமிழில் எழுதினாலே பெரும்பாலான சண்டைகள் வராது.

முதலில் வீட்டைச் சேர்ந்து சுற்றுங்கள்

ஒப்பந்தம் எழுத உட்காருவதற்கு முன் பெயின்டரோடு அறை அறையாகப் போய்ப் பாருங்கள். கையில் ஒரு நோட்டும் அளவு நாடாவும் இருக்கட்டும். எந்தச் சுவரில் விரிசல், எங்கே ஈரம், எங்கே பழைய பெயின்ட் உரிகிறது, எந்தக் கதவில் எனாமல் (மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எண்ணெய்ப் பெயின்ட்) கட்டியாகத் தொங்குகிறது என்று அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் கேளுங்கள். எல்லாச் சுவரையும், தரையையும், ஜன்னல் கண்ணாடியையும் போட்டோ எடுத்து வையுங்கள். தரையில் கீறல் முன்பே இருந்ததா, ஏணி போட்டதால் வந்ததா என்று பின்னால் யாரும் வாதாட வேண்டியிருக்காது.

அளவையும் அப்போதே எடுத்துவிடுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசுபவர்கள் எதை அளக்கிறார்கள் என்பதில்தான் குழப்பம் வரும். 12 அடிக்கு 10 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி. ஆனால் சுவரின் சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி என்றால் சுவர் மட்டும் 440 சதுர அடி வரும், மேற்கூரையையும் சேர்த்தால் 560. "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒருவர் சொல்லும்போது அது தரைப் பரப்பா, அடிக்கப்போகும் பரப்பா என்று கேட்காமல் இரண்டு கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது. அடுத்தது கதவு, ஜன்னல் கழிவு. 7 அடிக்கு 3 அடி கதவும் 4 அடிக்கு 4 அடி ஜன்னலும் சேர்ந்தால் 37 சதுர அடி. சிலர் முழுவதும் கழிப்பார்கள், சிலர் பாதி கழிப்பார்கள், சிலர் ஓரங்களைச் சுற்றிப் பிரஷ்ஷில் இழுக்கும் வேலை கூடுதல் என்று கழிக்கவே மாட்டார்கள். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. எந்த முறை என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், அளந்த எண்களையும் அறைவாரியாக ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

யாரோடு பேசுகிறோம் என்பது

இது சின்ன விஷயம், ஆனாலும் விடக்கூடாது. இரண்டு பேரின் முழுப்பெயர், முகவரி, போன் எண், வேலை நடக்கும் இடத்தின் முகவரி, தேதி. நிறுவனம் என்றால் பதிவு விவரம். பேசுகிறவர் ஒருவர், வந்து அடிக்கிறவர் வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதில் தவறில்லை, ஆனால் வேலையாட்களுக்குக் கூலி கொடுப்பது யார் பொறுப்பு, வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதானால் உங்களிடம் கேட்க வேண்டுமா, தினமும் வேலையை வந்து பார்ப்பது யார் என்ற மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேசியவருக்குப் பணம் கொடுத்த பிறகும் வேலையாள் உங்கள் வாசலில் வந்து நிற்கும் நிலை வரலாம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

எது வேலை, எது வேலை இல்லை

"வீடு முழுக்கப் பெயின்ட்" என்று எழுதாதீர்கள். அறையின் பெயரைப் போட்டு அதற்குள் சுவர், மேற்கூரை, கதவு, நிலை, ஜன்னல் சட்டம், கம்பி, அலமாரியின் உட்புறம், சுவரின் அடிப்பட்டை (ஸ்கர்ட்டிங்), மாடிப்படிக் கைப்பிடி என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். கதவுக்கு இரண்டு பக்கமும், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் உண்டு. மரக்கதவு ஈரத்தை இழுப்பது பெரும்பாலும் அந்த விளிம்புகள் வழியாகத்தான், ஆனால் கண்ணில் படாத இடம் என்பதால் அவை விட்டுப்போகும். வெளிப்புறம் என்றால் மதில், கேட், தண்ணீர்க் குழாய்கள், தொட்டியின் வெளிப்பக்கம், ஜன்னலுக்கு மேலே இருக்கும் மழைத்தடுப்பு எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அப்புறம் "சேராதவை" என்று தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தில் அதிகம் பயன்படுவது இந்தப் பத்திதான். சிமென்ட் பூச்சு உடைந்திருந்தால் கொத்து வேலை சேராது, குழாய்க் கசிவைச் சரிசெய்வது சேராது, மரத்தில் பூச்சி அரித்திருந்தால் மாற்றுவது சேராது, சமையலறை அலமாரி சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், அவற்றுக்கு வேறு ஆள் வேண்டும் என்பது உங்களுக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த வேலைகள் பெயின்டர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். பெயின்ட் அடித்து முடித்த சுவரைக் குழாய்க்காக உடைப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

பெயின்டுக்கு முந்தைய வேலை: இங்கேதான் அதிகம் எழுத வேண்டும்

பெயின்ட் சீக்கிரம் உரிந்துபோகும் வீடுகளில் பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பிருக்காது. அடியில் தூசி இருந்திருக்கும், ஈரம் இருந்திருக்கும், உரிந்துகொண்டிருந்த பழைய பெயின்டின் மேலேயே புதியதை அடித்திருப்பார்கள். சுவரைத் தயார்செய்யும் வேலைதான் பாதி உழைப்பு, சில வீடுகளில் பாதிக்கும் மேல். ஆனால் கொட்டேஷனில் அது ஒரே ஒரு வார்த்தையாக, "பட்டி பார்த்து" என்று மட்டும் இருக்கும் (பட்டி என்பது சுவரைச் சமமாக்கப் பூசும் பசை). விலை குறைத்துச் சொல்பவர் எதைக் குறைக்கிறார் என்று தேடினால் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

அதனால் ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று (எமல்ஷன் என்பது சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் பெயின்ட்):

"கூடம், படுக்கையறை இரண்டு: உரியும் பழைய பெயின்ட் முழுவதும் சுரண்டி எடுக்கப்படும். ஆணி ஓட்டைகளும் மயிரிழை விரிசல்களும் அடைக்கப்படும். பட்டி இரண்டு கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்படும். தூசி துடைத்தபின் பிரைமர் ஒரு கோட். அதன்மேல் எமல்ஷன் இரண்டு கோட். பட்டியும் பிரைமரும் பெயின்ட் கோட் கணக்கில் சேராது."

அந்தக் கடைசி வரியை நான் ஒருபோதும் விடுவதில்லை, காரணம் தொடக்கத்திலேயே சொன்னேன். இன்னொன்று, கரும்பச்சை, சிவப்பு போன்ற அழுத்தமான நிறத்தின் மேல் வெளிர் நிறம் போகிறதென்றால் இரண்டு கோட் போதாமல் போகலாம். சிவப்பு, மஞ்சள் போன்ற சில அடர் நிறங்களே இயல்பாக மறைப்புத்திறன் குறைந்தவை. அப்படியிருந்தால் "பழைய நிறம் தெரியாமல் மூடும்வரை" என்று எழுதி, மூன்றாவது கோட் தேவைப்பட்டால் அதற்குக் கூலி உண்டா இல்லையா என்பதையும் அதே வரியில் முடித்துவிடுங்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு தனிப் பத்தி கட்டாயம் வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அடிப்பகுதி கருத்துப் பெயின்ட் கொப்பளித்திருந்தால், தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் மூலத்தை நிறுத்தாமல் மேலே என்ன அடித்தாலும் நிற்காது, எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டாக இருந்தாலும் சரி. சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடி சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது இதுதான்: ஈரம் இருக்கும் இடங்கள் எவை என்று இருவரும் பார்த்துக் குறித்தாயிற்று, அவற்றைச் சரிசெய்வது யார் பொறுப்பு, சரிசெய்யாமல் அடிக்கச் சொன்னால் அந்த இடத்துக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. இந்தக் கடைசிப் பகுதி பெயின்டருக்காக எழுதுவது, அவருக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது.

புதுச் சுவர் என்றால் சிமென்ட் பூச்சு காய ஏறக்குறைய 28 நாளாவது விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புதுச் சிமென்டில் காரத்தன்மை அதிகம், ஈரத்தோடு அது வெளியே வந்து பெயின்டை அரிக்கும், நிறத்தை வெளுக்கவைக்கும். குடிபோகும் தேதி நெருங்குகிறதே என்று அவசரப்படுத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், பெயின்டர் இல்லை. பூச்சு முடிந்த தேதியை ஒப்பந்தத்தில் குறித்துவிட்டால் அந்த அவசரத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கும்.

பழைய கட்டிடமாக இருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பழைய எனாமல்களில் ஈயம் கலந்திருப்பது வெகுசாதாரணம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 1978-இல் தடை வந்தது, பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மாதிரிச் சட்டம் சொல்லும் வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. அந்தப் பழைய பூச்சை உலர்ந்தபடியே தேய்த்தால் கிளம்பும் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய கதவு, ஜன்னல்களுக்கு "தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கப்படும், தேய்க்கும் அறை மூடி வைக்கப்படும், தூசி பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கப்படும், வேலையாட்கள் தகுந்த முகக்கவசம் அணிவார்கள்" என்று எழுதுங்கள். பரிசோதிக்க வசதி இருந்தால் முதலில் பரிசோதித்துவிடுங்கள். குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எந்தப் பெயின்ட், எவ்வளவு, யார் வாங்குவது

"நல்ல கம்பெனிப் பெயின்ட்" என்பது ஒப்பந்த வாசகம் இல்லை. ஒரே நிறுவனத்திலேயே மலிவான வகையும் இருக்கும், அதைப்போல் மூன்று மடங்கு விலை வகையும் இருக்கும், டப்பாவின் தோற்றம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நிறுவனம், வகையின் முழுப்பெயர், உள்சுவருக்கா வெளிச்சுவருக்கா, ஷேடு கார்டில் உள்ள எண், பளபளப்பில்லாத மேட்டா, இலேசாக மினுங்கும் சாட்டினா, நன்றாகப் பளபளக்கும் கிளாஸா என்பது வரை எழுத வேண்டும். நிறத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, "கிரீம்" என்று பத்து ஷேடுகள் இருக்கும். பளபளப்பையும் யோசித்தே தேர்ந்தெடுங்கள்: மேட் சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும், டச்சப் செய்தாலும் தெரியாது, ஆனால் அழுக்குத் துடைப்பது கடினம். பளபளப்பு கூடக்கூடத் துடைப்பது சுலபம், ஆனால் பட்டி சரியாகத் தேய்க்காத இடமெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

முடிந்தால் ஒரு சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி அடித்துக் காட்டச் சொல்லி, பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்து, "இந்த மாதிரியை ஒப்புக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போடுங்கள். ஷேடு கார்டின் விரலளவுச் சதுரத்தில் பார்த்த நிறம் முழுச் சுவரில் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

பொருளை யார் வாங்குவது என்பதில் இரண்டு வழி உண்டு. கூலி மட்டும் பேசி நாமே வாங்குவது ஒன்று, பொருளோடு சேர்த்துப் பேசுவது இன்னொன்று. நாமே வாங்கினால் தரம் நம் கையில் இருக்கும், ஆனால் நடுவில் பெயின்ட் தீர்ந்து ஆட்கள் சும்மா உட்கார்ந்தால் அந்த நாள் கூலி நம் தலையில் விழும். அவர் வாங்குவதானால் சீல் உடைக்காத டப்பாக்களை உங்கள் முன்னால் திறக்க வேண்டும், பில் தர வேண்டும், காலி டப்பாக்கள் வேலை முடியும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தேய்த்து பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி ஓடும் என்று வையுங்கள், 400 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கோட் என்றால் 800 சதுர அடி, ஏழெட்டு லிட்டர் ஆகும். வகைக்கு வகை இது மாறும், டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அந்த அறைக்கு நான்கு லிட்டரில் வேலை முடிந்துவிட்டது என்றால் ஒன்று கோட் குறைந்திருக்கிறது, அல்லது தண்ணீர் கூடியிருக்கிறது. "தண்ணீரோ தின்னரோ டப்பாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலக்கப்படாது" என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே விட வேண்டிய நேரமும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் எமல்ஷனுக்குப் பெரும்பாலும் சில மணி நேரம் போதும், எண்ணெய் எனாமலுக்கு ஓர் இரவாவது வேண்டும்.

மிஷினில் கலந்து தரும் நிறம் என்றால் டப்பாக்களின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறு வேறு நாளில் கலந்த டப்பாக்களுக்குள் நூலிழை நிற வித்தியாசம் இருக்கும், ஒரே சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது கோடாகத் தெரியும். ஒரு சுவருக்கு வேண்டியதைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டு அடிக்கச் சொன்னால் இந்தப் பிரச்சினையே வராது.

பணம்

மொத்தத் தொகையா, அளவுக் கணக்கா, நாள் கூலியா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். நாள் கூலியில் வேலை இழுக்கும், மொத்தத் தொகையில் வேலை ஓடும். எனக்குப் பிடித்தது அளவுக் கணக்கு, ஆனால் சுவரைத் தயார்செய்ய எவ்வளவு உழைப்பாகும் என்று யாராலும் சொல்ல முடியாத பாழடைந்த பழைய வீட்டில் அந்தத் தயாரிப்பு வேலைக்கு மட்டும் நாள் கூலி கொடுப்பதுதான் இருவருக்கும் நியாயம்.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் வேலைக் கணக்கில் கொடுங்கள். தொடங்கும்போது ஒரு சிறு பங்கு, பட்டி தேய்த்து பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு, கடைசியாக 15 முதல் 20 சதவீதம் எல்லாம் சரிபார்த்த பிறகு என்று நான் வைத்துக்கொள்கிறேன். பிரைமர் முடிந்த கட்டத்தில் போய்ப் பார்ப்பது ரொம்ப முக்கியம், அதற்கப்புறம் அடியில் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அதேபோல, நிறுத்திவைத்த கடைசிப் பங்கை இத்தனை நாளுக்குள் கொடுப்பேன் என்று உங்கள் பக்கத்து வாக்கையும் எழுதுங்கள். முடித்த வேலைக்குப் பணம் வாங்க மூன்று முறை நடந்த அனுபவம் இல்லாத பெயின்டரே கிடையாது, நீங்கள் இதை எழுதியதைப் பார்த்ததும் அவர் பேசும் விதமே மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

நடுவில் கூடும் வேலைக்கு ஒரு விதி வேண்டும். "எழுத்தில் ஒப்புக்கொள்ளாத கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் இல்லை" என்று ஒரே வரி. எழுத்து என்றால் பெரிய பத்திரம் இல்லை, "பால்கனிக் கம்பிக்கும் எனாமல் இரண்டு கோட், இவ்வளவு தொகை, ஒரு நாள் கூடும்" என்று போனில் ஒரு செய்தி, அவரிடமிருந்து "சரி" என்று பதில், அது போதும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள். வரி, போக்குவரத்து, சாரம் கட்டும் செலவு ஆகியவை சொன்ன தொகைக்குள் அடங்குமா என்பதும் இந்தப் பகுதியில் வர வேண்டும்.

நாட்கள்

தொடங்கும் தேதி, முடியும் தேதி, தினமும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை ஆட்கள். இதில் எனக்குப் பட்டுத் தெரிந்தது ஒன்று: மூன்று நாள் வேலை செய்துவிட்டு வேறொரு வீட்டுக்கு ஆட்களை அனுப்பிவிடுவார்கள், உங்கள் கட்டில் கூடத்தின் நடுவில் பத்து நாள் கிடக்கும். "தொடங்கிய பின் தொடர்ந்து வேலை நடக்கும், இரண்டு நாளுக்கு மேல் ஆள் வராவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்" என்று எழுதினால் ஓரளவு கட்டுப்படும். மழை, ஈரக்காற்று போன்றவற்றால் வெளிச்சுவர் வேலை நின்றால் அது தாமதமாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சுவரிலோ கொதிக்கும் வெயில் நேராக விழும் சுவரிலோ அடித்தால் கெடுவது நம் வீடுதான். நீங்கள் அறையைக் காலிசெய்து தராததால் வரும் தாமதம் உங்கள் கணக்கில்தான் சேரும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பொருட்களும் ஆட்களும்

மேசை நாற்காலியை நகர்த்துவது யார், தரையை எதனால் மூடுவது, சுவிட்ச் பலகைகளைக் கழற்றுவதா டேப் ஒட்டுவதா, சிந்திய பெயின்டைத் தினமும் துடைப்பார்களா, கண்ணாடியில் பட்டதைச் சுரண்டுவார்களா, தண்ணீர், மின்சாரம், கழிவறை எது பயன்படுத்தலாம், சாவி யாரிடம் இருக்கும் என்று எல்லாம் கால் பக்கத்தில் முடிந்துவிடும். விலையுயர்ந்தவற்றை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள். சேதமானால் யார் ஈடுசெய்வது என்ற வரியும் வேண்டும்.

ஆட்களின் பாதுகாப்புக்கு அதைவிட அதிக இடம் கொடுங்கள். வெளிச்சுவரில் உயரத்தில் நிற்பவர் தவறி விழுந்தால் அது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை. உறுதியான சாரம், இடுப்புக்கும் தோளுக்கும் கட்டும் பாதுகாப்புப் பட்டை, சாரத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்ற சோதனை, ஆட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா, காயம்பட்டால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதைக் கேட்டு எழுதுங்கள். இதற்காகத் தொகை கொஞ்சம் கூடினால் கொடுங்கள், இதில் பேரம் பேசாதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்கள் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அந்தத் துணிகளை விரித்துக் காயவைப்பது, தின்னரை நெருப்புப் படாத இடத்தில் வைப்பது, மிச்சப் பெயின்டைச் சாக்கடையில் ஊற்றாமல் அப்புறப்படுத்துவது எல்லாம் யார் வேலை என்று ஒரு வரி இருக்கட்டும்.

முடிந்தது என்று எப்போது சொல்வது

"திருப்தியாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதற்கு எல்லையே இல்லை. அளவுகோல் ஒன்று வேண்டும். அமெரிக்கப் பெயின்டிங் ஒப்பந்ததாரர்கள் சங்கத்தின் தரக்குறிப்பில் நல்ல வழிமுறை ஒன்று இருக்கிறது: சுவரை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, அந்த அறையில் வழக்கமாக இருக்கும் வெளிச்சத்தில், இயல்பாக நின்று பார்க்க வேண்டும், நிறமும் பளபளப்பும் ஒரே சீராக இருக்க வேண்டும், வழிசல், கட்டி, விட்டுப்போன இடம் கூடாது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் உலகத்தில் எந்தச் சுவரும் தேறாது, அது பெயின்டருக்குச் செய்யும் அநியாயம். டார்ச் பார்க்க வேண்டிய நேரம் பட்டி தேய்த்து முடிந்தபோதுதான், அப்போது திருத்துவது சுலபம்.

கடைசி நாளில் இருவரும் பகலில் சேர்ந்து சுற்றிப் பார்த்து, குறைகளைப் பட்டியலிட்டு, சிறு காகித டேப்பால் சுவரில் அடையாளம் வைத்து, இத்தனை நாளுக்குள் சரிசெய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் ஒன்றுதான், ஒரே முறைதான், அடுத்த வாரம் புதிதாக இன்னொன்று நீட்டக்கூடாது. அது முடிந்ததும் கடைசிப் பணம்.

உத்தரவாதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். எவ்வளவு காலம், எதற்கு, என்ன செய்வார். ஓர் ஆண்டுக்குள் உரிந்தாலோ கொப்பளித்தாலோ செதிலாகக் கழன்றாலோ அந்தப் பகுதியைக் கூலியும் பொருளும் வாங்காமல் திரும்பச் செய்து தருவார் என்பது நியாயமான வேண்டுகோள். கட்டிடம் அசைந்து வரும் விரிசல், வெளியிலிருந்து வரும் கசிவு, நாம் இடித்த கீறல் சேராது. பெயின்ட் நிறுவனம் தரும் உத்தரவாதம் வேறு, வேலைக்கு அவர் தரும் உத்தரவாதம் வேறு, டப்பாவில் ஏழு வருடம் என்று போட்டிருப்பதைக் காட்டி ஒன்றுக்கு மற்றொன்று என்று சொல்ல விடாதீர்கள்.

நடுவில் நின்றுபோனால்

யாரும் பேச விரும்பாத பகுதி இது, ஆனால் நல்ல மனநிலையில் இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. அவர் பாதியில் விட்டால் என்ன, நீங்கள் நிறுத்தச் சொன்னால் என்ன? இரண்டுக்கும் ஒரே விதி போதும்: எழுத்தில் இத்தனை நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் சரியாகாவிட்டால் முடிந்த வேலையை இருவரும் அளந்து, அதற்கான பணத்தைத் தீர்த்து, உங்கள் பெயின்டும் சாவியும் உங்களுக்கு, அவர் சாமான்கள் அவருக்கு. கருத்து வேறுபாடு முற்றினால் இருவரும் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது பெயின்டர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வது என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு, சிறு வேலைக்கு அது நன்றாகவே பயன்படும்.

எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அல்லது அவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் "இது முடியாது" என்று சொல்லும் வரியைக் கவனமாகக் கேளுங்கள், பெரும்பாலும் அதில் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும். ஒரு பெயின்டர் என்னிடம், குளியலறை மேற்கூரைக்குச் சாதாரண எமல்ஷன் எழுதியிருக்கிறீர்கள், நீராவியில் ஆறு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை எதிர்ப்பு வகையாக மாற்றுங்கள் என்றார். மாற்றினேன், இன்றுவரை அந்தக் கூரை அப்படியே இருக்கிறது. திருத்தங்களுக்குப் பக்கத்தில் இருவரும் சிறு கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து, ஆளுக்கு ஒரு பிரதி, அதன் பிறகு முன்பணமும் அதற்கு ரசீதும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டராவது மிச்சத்தை இறுக மூடச் சொல்லி, மூடியில் அறையின் பெயர், ஷேடு எண், தொகுதி எண், அடித்த தேதி எழுதி, ஒப்பந்தத்தின் போட்டோவையும் பில்களையும் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள்.